ஒரு தொடுதிரைப் பேசியின் குணமும் குற்றமும்

நாளும் புதியனவாய்த் தோன்றும் கருவிகளை ஆராய்வார் இருவகையினர். கருவி அங்காடிக்கு வந்த அன்றே அதனைக் கையிலேந்தி, அதன் பொலிவிற் கண்மயங்கிப் புகழ்ந்தோ, சிறு குறை கண்டவிடத்துச் சினந்து இகழ்ந்தோ உரைப்பார் ஒருவகையினர். அக்கருவியின் வாழ்நாள் முடிந்தபின், விற்பாரும் வாங்குவாரும் அகன்ற தனிமையில் அதனை எடுத்து வைத்து நோக்குவார் மற்றொரு வகையினர். முன்னவர் கூற்று வாங்குவார்க்குப் பயன்படும். பின்னவர் கூற்று செய்வார்க்குப் பயன்படும். நம் மாணாக்கருட் பலர் கருவிகளைச் செய்யும் தொழிலை நாடிச் செல்பவராதலின், யான் ஈண்டுப் பின்னைய முறையை மேற்கொள்ளலாயினேன்.

இக்கட்டுரைக்குக் காரணமாயிருந்தது விடுதி மாணாக்கர் சிலரிடையே எழுந்த ஒரு வாதமாகும். நல்ல பொருள் சந்தையில் தோற்குமோ, தோற்றதாயின் அதனை நல்ல பொருள் என்று எங்ஙனம் கூறுவது என்பதே அவ்வாதம். இரு கட்சியாரும் எடுத்துக்காட்டின்றி நெடுநேரம் பேசினர். எடுத்துக்காட்டில்லாத வாதம் சுக்கான் இல்லாத தோணி போன்றதாகையால், யான் என் மேசை அறையில் நெடுநாளாகக் கிடந்த ஒரு கரிய திறன்பேசியை எடுத்து அவர்முன் வைத்தேன். அதுவே 2013-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் உலகிற்கு அறிமுகப்படுத்தப்பெற்ற பிளாக்பெரி இசட் 10 என்பது. அதனுள் இயங்கியது பிளாக்பெரி 10 என்னும் முற்றிலும் புதியதோர் இயங்குதளம். அதன் குணங் குற்றங்களை இனிக் காண்போம்.

முதலில் அதன் குலமுறை கூறல் வேண்டும். கனடா நாட்டு ஒன்டாரியோ மாகாணத்தில் வாட்டர்லூ என்னும் ஊர் உண்டு. அவ்வூரில் 1984-ஆம் ஆண்டில் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது ரிசர்ச் இன் மோஷன் என்னும் குழுமம். 1999-இல் இவர்கள் வெளியிட்ட பிளாக்பெரி என்னும் சிறு கருவி, மின்னஞ்சலைத் தேடிச் செல்லவேண்டாமல் அது தானே கைக்கு வந்து சேருமாறு செய்தது. கட்டைவிரல்கள் இரண்டால் விரைந்து தட்டெழுதற்குரிய சின்னஞ்சிறு விசைகள் அதன் தனிச்சிறப்பு. அமைச்சரும் வணிகரும் வழக்கறிஞரும் அதனைக் கையினின்றும் நீக்காராயினர். இந்நிலையில் 2007-இல் ஐபோன் தோன்றி, விசைப்பலகையே இல்லாத கண்ணாடிப் பரப்பொன்றை மக்கட்குக் காட்டிற்று. பிளாக்பெரியாரும் வாளாவிருந்தாரல்லர், அடுத்த ஆண்டே ஸ்டார்ம் என்னும் தொடுதிரைப் பேசியை வெளியிட்டனர். அதில் திரை முழுவதுமே ஒரு பெரிய பொத்தானைப்போல் அமுங்கும். விசையை விடவும் மனமில்லை, கண்ணாடியைத் தள்ளவும் துணிவில்லை. இரண்டையும் கலந்தால் என் ஆகும் என்பதற்கு அக்கருவியே சான்றாயிற்று.

குறை திரையில் மட்டும் இருந்திருப்பின் எளிதில் தீர்ந்திருக்கும். ஆயின் பழைய இயங்குதளமே புதிய காலத்துக்கு ஏலாததாய் இருந்தது. பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டிற்குத் தந்தையார் ஒரு தாழ்வாரம் இறக்கினார். மகன் அதன்மேல் ஒரு மாடி எழுப்பினான். பேரன் இப்போது மின்தூக்கி வைக்க விரும்புகின்றான் என்று கொள்க. சுவர் தாங்குமோ? மின்னஞ்சலுக்கெனச் சமைந்த அடித்தளத்தின்மேல் இணைய உலாவியும் விளையாட்டும் படமும் ஏற்ற ஏற்ற, அது தளர்ந்து நின்றது. வீட்டை இடித்துக் கடைக்காலிலிருந்தே மீண்டும் கட்டுவதன்றி வேறு வழி இல்லையெனக் கண்ட குழுமத்தார், 2010-இல் க்யூ.என்.எக்ஸ். என்னும் நிறுவனத்தை விலைக்கு வாங்கினர்.

இந்த க்யூ.என்.எக்ஸ். வரலாறு மாணாக்கர் அறியத்தக்கது. 1980-இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த கார்டன் பெல், டான் டாட்ஜ் என்னும் இருவர், நிகழ்நேர இயங்குதளங்களைப் பற்றிய பாடமொன்றைப் பயின்றனர். பாடத்தின் பொருட்டுத் தாம் எழுதிப் பார்த்ததைத் தேர்வோடு எறிந்துவிடாமல், இதனைத் தொழிலாக்கினால் என்னவென்று எண்ணினர். அவ்வெண்ணமே ஆட்டவா நகரில் ஒரு நிறுவனமாய் வளர்ந்தது. தொழிற்சாலைப் பொறிகளிலும், மருத்துவக் கருவிகளிலும், தொலைத்தொடர்பு நிலையங்களிலும் அவர்தம் இயங்குதளம் குடிபுகுந்தது. ஓரூர்ப் பல்கலைக்கழகத்திற் கற்றவர் இருதிறத்தார், ஒருவரையொருவர் நாடாமலே முப்பதாண்டு வளர்ந்து, பின்னர் ஒரு கைப்பேசிக்குள் வந்து கூடினர் என்பது வியப்பன்றோ!

அவ்வியங்குதளத்தின் உட்பொருளைச் சிறிது விளக்குவேன். ஏனைப் பல இயங்குதளங்களில் கோப்புகளைக் காப்பதும், திரையை இயக்குவதும், வலைத்தொடர்பைப் பேணுவதும் ஆகிய பணிகள் பெரும்பாலும் மையக் கருவின் உள்ளேயே ஒன்றாகத் தங்கியிருக்கும். க்யூ.என்.எக்ஸோ நுண்கரு முறையைச் சார்ந்தது. இதனை நம் விடுதியைக்கொண்டு விளக்கலாம். சமையல், பண்டசாலை, கணக்கு, நீர்ப்பொறி ஆகிய யாவும் ஒரே கூடத்தில் நடைபெறும் விடுதி ஒன்று. அங்கு அடுப்பில் தீ மிகுந்தால் கணக்கேடும் எரியும், பண்டமும் கெடும். மற்றொரு விடுதியில் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி அறை உண்டு. அறைகளுக்கிடையே சீட்டு கொண்டு செல்வதும், எப்பணி முன், எப்பணி பின் என்று முறை வகுப்பதும், நேரமறிந்து மணி அடிப்பதுமே நடுவிலிருக்கும் காரியதரிசியின் வேலை. அவர் சமைப்பதில்லை, கணக்கெழுதுவதுமில்லை. நீர்ப்பொறி அறையில் பழுது நேர்ந்தால் அவ்வறையை மட்டும் பூட்டிச் செப்பனிட்டு மீண்டும் திறப்பர், பந்தி நடந்துகொண்டேயிருக்கும். இந்தக் காரியதரிசியே நுண்கரு எனப்படுவது.

இம்முறையிற் செலவும் உண்டு. ஒரே கூடமாயின் சமையற்காரர் திரும்பிப் பார்த்து உப்பைக் கேட்டுப் பெறலாம். தனியறைகளாயின் உப்பிற்கும் சீட்டு எழுதல் வேண்டும். சீட்டு எழுதும் காலம் வீண்போவதாகாதோ என்று இயங்குதள அறிஞர் நெடுங்காலமாக வழக்கிட்டு வருகின்றனர். க்யூ.என்.எக்ஸார் சீட்டின் நடையைப் பெரிதும் விரைவாக்கி அவ்விழப்பைக் குறைத்தனர். இசட் 10-இல் இருகரு நுண்செயலியும் 2 ஜிபி நினைவகமும் அமைந்திருந்தமையால் அக்காலக் கைகளுக்கு அது தளர்ச்சி காட்டியதில்லை. ஆயினும் அணைத்த பேசியை மீண்டும் உயிர்ப்பித்தால் அது விழித்தெழ ஒரு நிமிடத்திற்கும் மேலாகும். அவசரக்காரர்க்கு அதுவே ஓர் யுகம்.

இனிப் புறத்தைக் காண்போம். 4.2 அங்குலத் திரை. 1280-க்கு 768 புள்ளிகள். எழுத்துகள் அச்சுத்தாளில் நிற்பனபோல் தெளிவாகத் தோன்றும். முதுகுப்புறம் சிறு புள்ளிகள் இட்ட மெத்தென்ற மூடி. அதனைக் கழற்றினால் மின்கலத்தையும், கூடுதல் நினைவட்டையையும் கைப்படவே மாற்றலாம். முன்முகத்தில் பொத்தான் ஒன்றுமில்லை. அக்காலத்து ஐபோனில் எவ்வழி சென்றாலும் மீளற்கு ஒரு வட்டப் பொத்தான் இருந்தது. இசட் 10-இலோ திரையின் கீழ்விளிம்பிற்கு வெளியே பெருவிரலை வைத்து மேனோக்கித் தள்ளினால் திறந்திருந்த செயலி சுருங்கிச் சிறு சட்டகமாகும். அங்ஙனம் எட்டுச் சட்டகங்கள் வரை நிற்கும். மேலே தள்ளிய விரலை எடாமல் வலப்புறம் வளைத்தால், படித்துக்கொண்டிருந்த பக்கம் திரைச்சீலைபோல் ஒருபுறம் ஒதுங்க, அதன் பின்னே வந்துள்ள செய்திகள் தோன்றும். வேண்டாவெனின் விரலைப் பின்னுக்கு இழுத்தாற் போதும், சீலை மூடிவிடும். வாயிலில் வந்தவர் யாரெனச் சன்னல்வழி எட்டிப்பார்த்து, நமக்குரியவரல்லர் எனக் கண்டு மீண்டும் நூலிற் கண்வைப்பதனை ஒத்தது அச்செயல்.

அங்ஙனம் எட்டிப்பார்க்குமிடம் ஹப் எனப்படும். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தவறிய அழைப்பு, சமூகவலைக் குறிப்பு ஆகிய யாவும் ஓரிடத்தில் ஒரே நிரலாக அமைந்திருக்கும். செய்தி எவ்வழி வந்தது என்பதன்று, எவரிடமிருந்து வந்தது என்பதே மாந்தர்க்கு முதன்மையானது என்பதை அதனை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். இன்று ஒரு நண்பர் அனுப்பிய சிறு குறிப்பைக் காண நான்கு செயலிகளைத் திறந்து தேடி அலுக்கும்போதெல்லாம் யான் ஹப்பினை நினைப்பதுண்டு. ஆயினும் நாளொன்றுக்கு இருநூறு செய்தி வருவார்க்கு அந்நிரல் ஆற்றுவெள்ளம்போலாகி, வேண்டியதை அடித்துச் செல்வதுமுண்டு. வடிகட்டும் வழிகள் இருந்தன. அவற்றைக் கற்றவர் சிலரே.

இப்பேசியின் தலையாய குணம் யாதென வினவுவார்க்கு, கண்ணாடியில் அமைந்த அதன் விசைப்பலகையே என்று தயக்கமின்றிக் கூறுவேன். எழுத்து வரிசைகளுக்கிடையே, பழைய பிளாக்பெரிகளிலிருந்த உலோகக் கோடுகளை நினைவூட்டும் இடைவெளிகள் விடப்பட்டிருந்தன. நாம் தட்டத் தட்ட, அடுத்து வரக்கூடிய சொற்கள் அவ்விடைவெளிகளில் அவ்வவ் எழுத்தின் தலைமேல் மிதந்து தோன்றும். வேண்டிய சொல் நிற்குமிடத்தில் விரலை மேனோக்கிச் சுண்டினால், அச்சொல் துள்ளிச் சென்று வாக்கியத்தில் அமர்ந்துவிடும். விரல் எழுத்தை விட்டு அகலாமலே சொல் கிடைக்கின்றமை காண்க. ஏனைப் பேசிகளில் ஊகச் சொற்கள் மேலே ஒரு பட்டியலாக நிற்பதால் விரலும் கண்ணும் அங்கும் இங்கும் ஓடவேண்டியிருந்தது. இடப்புறம் ஒருமுறை வீசினால் பிழைபட்ட சொல் முழுவதும் அழியும். நாம் ஓரெழுத்தைச் சற்றுத் தவறிய இடத்திலேயே தட்டும் பழக்கமுடையேமாயின், அப்பழக்கத்தைக் கவனித்து அவ்வெழுத்தின் எல்லையைத் தானே நகர்த்திக்கொள்ளும். மூன்று மொழிகளைக் கலந்து எழுதினாலும் எம்மொழியில் எழுதுகின்றோம் என்பதைத் தானே உணரும். மாணாக்கனின் தவறான கையெழுத்தைத் திருத்தும் ஆசிரியரைக் கண்டிருக்கின்றோம். தவறான கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் ஆசிரியரை இங்குக் கண்டோம். விசைகளாற் புகழ்பெற்ற ஒரு குழுமம், விசையில்லாக் கருவியிலும் தன் குலவித்தையை மறவாது காட்டியது.

மற்றொரு நற்பண்பும் கூறத்தக்கது. பேலன்ஸ் என்னும் ஏற்பாட்டால் ஒரு பேசிக்குள் இரு வீடுகள் அமைந்தன: அலுவலகத்துக்குரியது ஒன்று, தனக்குரியது ஒன்று. அலுவலகப் பகுதியிலுள்ள கடிதத்தின் ஒரு வரியையேனும் எடுத்துச் சென்று தன் பகுதியில் ஒட்ட முயன்றால் அது இசையாது. பணியாளர் வேலையை விட்டு நீங்கினால், நிறுவனத்தார் தம் பகுதியை மட்டும் தொலைவிலிருந்தே அழித்துவிடலாம். அவருடைய குழந்தைகளின் படங்களுக்கு ஊறு நேராது. உடைமையின் எல்லையை இத்துணைத் தெளிவாக வரைந்த பேசி அந்நாளில் அரிது. அங்காடிக்கு வருமுன்னரே, அமெரிக்க அரசாங்கத்தின் மறையீட்டுத் தரச்சான்றினையும் இவ்வியங்குதளம் பெற்றிருந்தது. நிழற்படக் கருவியைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. குழுப்படத்தில் ஒருவர் கண் மூடியிருந்தால், அதனையொட்டி முன்னும் பின்னும் எடுத்த படங்களிலிருந்து அவர் முகத்தை மட்டும் மாற்றியமைக்கும் வித்தை அதிலிருந்தது. மங்கிய ஒளியிலோ படங்கள் களையிழந்தன.

இனிக் குற்றங்கள். மின்கலம் 1800 மில்லியாம்பியர்-மணி அளவினது. அவ்வளவு ஒளிமிக்க திரைக்கு அது போதாது. இரண்டு நாள் தாங்கிய பழைய பிளாக்பெரிகளிற் பழகியோர்க்கு மாலை மயங்குமுன்னே மின்கலமும் மயங்கியது பெருங்குறையாகத் தோன்றியது. மாற்று மின்கலம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கலாமே என்றனர் குழுமத்தார். வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு போல, அது உதவியே ஆயினும் சமையலுக்கு நிகராகாது. சைகைகளோ புலப்படாதன. பொத்தான் கண்ணுக்குத் தெரியும். சைகை சொல்லித் தந்தாலன்றித் தெரியாது. ஆதலின் முதன்முறை பேசியைத் திறந்தவுடன் சைகைப் பாடம் ஒன்றைக் கற்ற பின்னரே உள்ளே புகலாம். கடையில் நின்று இரண்டு நிமிடம் கையிலெடுத்துப் பார்ப்பவருக்குப் பாடம் படிக்கப் பொறுமை ஏது?

இவை சிறியன. பெருங்குற்றம் செயலிகளின் இன்மையாகும். வெளியான நாளில் இதன் அங்காடியில் 70,000 செயலிகள் இருந்தன. ஆப்பிள், கூகிள் என்னும் இருவரிடத்தும் அப்போது தனித்தனியே 7 லட்சத்திற்கு மேற்பட்டவை இருந்தன. எண்ணிக்கையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. ஒரு மனிதனுக்கு நாட்டிலுள்ள எல்லாக் கடைகளும் வேண்டா. ஆயின் அவன் நாடோறும் செல்லும் மூன்று கடைகள் தெருவில் இல்லையெனில், மற்ற எழுபதாயிரம் இருந்தென்? இன்ஸ்டாகிராம் இவ்வியங்குதளத்துக்கெனத் தன் செயலியை ஆக்கவேயில்லை; நெட்ஃபிளிக்சும் அங்ஙனமே. வாட்ஸ்அப் வெளியீட்டு நாளில் இல்லாமல் மார்ச்சு மாதத்தில்தான் வந்து சேர்ந்தது. குழுமத்தார் எண்ணிக்கையைப் பெருக்க வழி தேடினர். 2013 ஜனவரியில் செயலி எழுதுவோரை அழைத்து, ஏற்கப்படும் ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் அளிப்பதாக அறிவித்தனர். இரண்டு நாளைக்குள் 15,000 செயலிகள் வந்து குவிந்தன. கூலி கொடுத்துக் கூட்டிய கூட்டம் எத்தகையதென்பதை நாம் தேர்தற்காலங்களிற் கண்டிருக்கின்றோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 1,20,000 செயலிகளுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை ஒரே வெளியீட்டாளருடையனவாக இருந்தன!

இக்குறையை நிரப்ப மற்றொரு சூழ்ச்சியும் செய்தனர். ஆண்ட்ராய்டு செயலிகளை அப்படியே இயக்கத்தக்க ஓர் உட்கூடத்தை இசட் 10-இனுள் அமைத்தனர். கருத்து நல்லதே. ஆயின் தொடக்கத்தில் அவ்வுட்கூடம் ஆண்ட்ராய்டின் பழைய 2.3 பதிப்பை ஒத்திருந்ததால், புதிய செயலிகள் அதனுள் நுழைய மறுத்தன, நுழைந்தவை தள்ளாடின. பிற்பாடு பதிப்புகள் உயர்ந்து, 2014 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு செயலிகளை நேரே நிறுவிக்கொள்ளவும் வழி பிறந்தது. அதற்குள் வாங்குவோர் கலைந்துவிட்டனர். அன்றியும், அவ்வுட்கூடமே ஒரு தீங்கையும் விளைத்ததென்பது என் கருத்து. தனியே பிளாக்பெரிக்கென எழுதினால் பொருளும் காலமும் செலவாகும். ஆண்ட்ராய்டுக்கு எழுதியதே எப்படியும் அங்கு ஓடுமெனின் எழுதுவோர் ஏன் வருந்துவர்? ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரத்து வல்லுநர் ஆக்கிய கேஸ்கேட்ஸ் என்னும் அழகிய கட்டமைப்பு, திரையெழில் விளைக்கும் வித்தைகள் அத்தனையும் கொண்டிருந்தும், அதனைக் கையாண்டு செயலி செய்வார் குறைந்தனர்.

காலமும் பகையாயிற்று. க்யூ.என்.எக்ஸை வாங்கிய பின்னர், அதனைக்கொண்டு முதலில் செய்தது பேசியன்று. 2011 ஏப்பிரலில் வந்த பிளேபுக் என்னும் பலகைக் கணினி. மின்னஞ்சலாற் பேர்பெற்ற குழுமம் வெளியிட்ட அப்பலகையில், அருகில் ஒரு பிளாக்பெரிப் பேசி இருந்தாலன்றி மின்னஞ்சல் இல்லை என்பதனைக் கேட்டு நகைத்தவர் பலர். அவ்வாண்டு அக்டோபரில் அவர்தம் செய்திச்சேவை மூன்று நாளுக்கு மேல் பல கண்டங்களில் நின்றுபோயிற்று. நம் நாட்டினரும் அதனை உணர்ந்தனர். 2012-இல் நிறுவனரான லசாரிடிஸும் அவரொத்த தலைவர் ஜிம் பால்சிலியும் தலைமையினின்று விலக, தார்ஸ்டன் ஹைன்ஸ் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே வருமென்று சொல்லப்பட்ட புதிய பேசிகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வெளியான சில வாரங்கள் கழித்து, 2013 மார்ச்சு 22-இல்தான் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இசட் 10 விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே, பெப்ரவரி 3-இல், அந்நாட்டின் பெருங் கால்பந்துப் போட்டியிடையே பெரும் பொருட் செலவில் ஒரு விளம்பரம் காட்டினர். இப்பேசியால் ஆகாதன யாவை என்று வேடிக்கையாக அதில் கூறினரேயன்றி, ஆவன யாவை என்று ஒன்றும் உரைத்தாரில்லர். தன் தோசையின் சுவையைக் கூறாமல், இது பறக்காது, பாடாது என்று பலகை எழுதி மாட்டிய கடைக்காரரை நான் இதுவரை கண்டதில்லை.

நம் நாட்டில் 2013 பெப்ரவரி 25-இல் இசட் 10 வெளியிடப்பெற்றது. விலை ரூ. 43,490. அந்நாளில் இந்திய இளைஞர் பலர் மலிவான பிளாக்பெரிகளை, அவற்றிலிருந்த பி.பி.எம். என்னும் செய்தியாடலின் பொருட்டே வைத்திருந்தனர். அவர்க்கு இவ்விலை எட்டாத உயரம். உயர்ந்த விலை கொடுக்க வல்லாரோ, அதே விலைக்கு எல்லாச் செயலியும் நிறைந்த வேறு பேசி கிடைக்கும்போது இதனை ஏன் நாடுவர்? பழைய அன்பரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உலகெங்கும் ஏறக்குறைய 8 கோடிப் பேர் அப்போது பிளாக்பெரியைப் பயன்படுத்தினர். அவருட் பலர் விசைகளின் பொருட்டே அதனைப் பிடித்திருந்தவர். அவர்க்கு வேண்டிய விசையுடைய க்யூ 10 சில மாதங்கள் கழித்தே வந்தது. முதலில் வந்த இசட் 10-இல் விசை இல்லை. உள்ளவரும் மகிழ்ந்திலர், புதியவரும் வந்திலர்.

விளைவு விரைவில் தெரிந்தது. 2013 செப்டம்பர் 20-ஆம் நாள் பிளாக்பெரிக் குழுமம், விற்காமற் குவிந்த சரக்கின்பொருட்டு 90 கோடி டாலருக்கு மேல் இழப்பெழுதுவதாகவும், அவற்றுட் பெரும்பாலன இசட் 10 பேசிகளே என்றும், 4,500 பணியாளரை நீக்குவதாகவும் அறிவித்தது. ஒரு கருவியின் குறை நிறைகளைப் பற்றி நாம் சாய்வு நாற்காலியிலிருந்து எழுதுகின்றோம். அந்த 4,500 குடும்பங்களில் அவ்விரவு விளக்கு எந்நேரம் வரை எரிந்ததோ! நவம்பரில் ஹைன்ஸ் விலக, ஜான் சென் தலைமை ஏற்றார். 2016-இல் தாமே பேசி செய்வதைக் குழுமத்தார் நிறுத்திவிட்டனர். வாட்ஸ்அப் 2017-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு இவ்வியங்குதளத்தை விட்டு நீங்கிற்று. 2022 ஜனவரி 4-ஆம் நாள், பழைய பிளாக்பெரிகளுக்கும் பிளாக்பெரி 10 பேசிகளுக்கும் உரிய பின்னிலைச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அன்று முதல் அழைப்பும் குறுஞ்செய்தியுங்கூட நம்பத்தக்கவாறு இயங்கும் என்பதற்கு உறுதியில்லை என்று முன்னரே அறிவித்திருந்தனர். பழைய கடிகாரத்தைச் செய்த கடை மூடிப்போனாலும் கடிகாரம் ஓடும். இக்காலத்துப் பேசியோ அதனைச் செய்தவர் விளக்கணைத்தால் தானும் இருளுகின்றது. நாம் வாங்கியது கருவியையா, கருவிக்குப் பின்னின்ற ஒரு வாக்குறுதியையா என்னும் வினா இங்குப் பிறக்கின்றது. இது பிளாக்பெரிக்கு மட்டும் உரிய குற்றமன்று. இன்று நம் சட்டைப்பையிலிருக்கும் ஒவ்வொரு பேசிக்கும் பொருந்தும்.

மாணாக்கர் வாதத்திற்கு யான் கூறிய விடை இது. எழுதுதல், படித்தல், வந்த செய்தியை நோக்குதல், தன் உடைமையைக் காத்தல் என ஒருவன் தனித்திருந்து செய்வனவற்றிலெல்லாம் இசட் 10 தன்காலத்துப் பேசிகளுள் முதல்வரிசையில் நின்றது. பிறரோடு கூடிச் செய்வனவற்றில், அப்பிறர் வேறிடத்துக் கூடியிருந்தமையால், அது தனித்து நின்றது. ஆகவே நற்பொருள் தோற்றது என்பாரும் பிழையுரைத்தாரல்லர். பேசி என்பது கூடுதற்குரிய பொருளாதலின் கூட்டமில்லாப் பேசி நற்பொருளன்று என்பாரும் பிழையுரைத்தாரல்லர். எனக்கோ முதற்கட்சியின்மேல் அன்பு சற்று மிகுதி. அதற்குக் காரணம் அறிவன்று, அந்த விசைப்பலகை என்று ஒப்புக்கொள்கின்றேன்.

க்யூ.என்.எக்ஸ். அழிந்ததென்று எவரும் கருதற்க. பேசியை விட்டு நீங்கினும் அது மோட்டார் வண்டிகளுள் வாழ்கின்றது. இன்று உலகச் சாலைகளில் ஓடும் 20 கோடிக்கு மேற்பட்ட வண்டிகளில் அந்த நுண்கரு, ஓட்டுவார் எவரும் அறியாமல், சீட்டுகளை ஏந்தித் திரிகின்றது. ஓரறையிற் பழுது நேர்ந்தாலும் மற்றவை நிற்கலாகா என்னும் அதன் பண்பு, நிமிடத்துக்கு ஒன்றாகப் படம் பகிர்வார்க்கு வேண்டப்படவில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் விரையும் வண்டிக்கு வேண்டப்படுகின்றது.

வாதம் முடிந்தபின் அக்கரிய பேசியில் மின்னேற்றி, மாணாக்கர் கையிற் கொடுத்தேன். அவருட் சிலர் அது வெளிவந்தபோது தொட்டிலிற் கிடந்தவர். ஆதலின் சைகைப் பாடத்தை யானே சொல்லித் தருதல் வேண்டுமென எண்ணியிருந்தேன். வேண்டியிருக்கவில்லை. முதலில் வாங்கிய மாணவர் ஒரு கணமும் தயங்காமல் கீழ்விளிம்பிலிருந்து பெருவிரலை மேனோக்கித் தள்ளினார். திரை சுருங்கிச் சட்டகமாயிற்று. 2017-இல் ஐபோன் தன் வட்டப் பொத்தானை நீக்கிய நாள் முதலாக, பின்னர் ஆண்ட்ராய்டுப் பேசிகளும் அவ்வழிச் சென்றமையால், அச்சைகை இன்று உலகப் பொதுவழக்காகிவிட்டது. இச்சைகையை முதலிற் கண்டது பிளாக்பெரியே என்று யான் கூறமாட்டேன். 2009-இல் வந்த பாம் ப்ரீயிலும், 2011-இல் வந்த நோக்கியா என் 9-இலும் இதற்கு உறவான சைகைகள் இருந்தன. அவையும் விற்பனையில் தோற்றனவே. அம்மாணவர் சிறிதுநேரம் பேசியை இப்படியும் அப்படியும் தள்ளி வியந்தார். ஒரு வாக்கியம் தட்டி, மிதந்த சொற்களைச் சுண்டிச் சிரித்தார். பின்னர் நிமிர்ந்து, “ஐயா, இதில் வாட்ஸ்அப் எங்கே இருக்கிறது?” என்றார்.